உபகாரச் சம்பளம் வாங்கிய தாத்தா

பழனிக்குக் கிழக்கே, திண்டுக்கல் செல்லும் சாலையை ஒட்டி, ஆயக்குடி என்று ஓர் ஊர் இருக்கிறது. நேயர்களில் பலர் அவ்வூரைக் கொய்யாப்பழத்தின் வாயிலாக அறிந்திருப்பார்கள். கூடைக்காரி "ஆயக்குடிக் கொய்யா" என்று கூவிவிட்டால், வாங்குகிறவர்கள் விலையைப் பற்றி அதிகமாக விவகாரம் செய்வதில்லை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கிழக்கேயிருந்து கால்நடையாக வரும் பக்தர்களோ, "ஆயக்குடி வந்துவிட்டது; இனி மலை வந்த மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டு, வீங்கிய காலைத் தடவித் தேறுதல் அடைவார்கள். அண்மைக் காலத்தில் வேறொரு காரணத்தினாலும் ஊரின் பெயர் இளைஞர்களிடையே பரவிற்று. சர்க்கார் உத்தியோகப் பரீட்சைகளுக்குக் கட்டணம் வாங்காமல் பயிற்சி அளிக்கும் மரத்தடி மையம் ஒன்று அங்கே ஏற்பட்டது. எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அதனால் உத்தியோகம் பெற்றார்கள்.

காசு வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுப்பது என்பது அந்த ஊருக்குப் புதிய பழக்கமன்று. அந்தப் பழக்கத்தை எண்பது வயதுக்கு மேலும் விடாமல் வைத்திருந்து காலமான ஒரு கத்தோலிக்க உபாத்தியாயரைப் பற்றியே இந்த வாரம் எழுத விரும்புகிறோம். அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியவர் அல்லர். ஊரார் அழைத்தபடியே வாத்தியாரையா என்று நாமும் சொல்லிச் செல்வோம். நாமும் பள்ளிக்கூடத்து உத்தியோகமே பார்ப்பவர்களாதலால், அவருடைய கடைசிப் பத்தாண்டுகளில் பல முறை அவரோடு பேசியிருக்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. அவர் நல்ல உபாத்தியாயர். அதைவிட நல்ல தாத்தா. இவ்விரண்டுக்கும் நடுவே சர்க்கார் உத்தரவு ஒன்று நின்றது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகையும்.

முதலில் அவருடைய பரம்பரையைச் சொல்ல வேண்டும். அவருடைய தகப்பனாரும் உபாத்தியாயர், பாட்டனார் உபதேசியார். கத்தோலிக்கரல்லாத நேயர்களுக்கு உபதேசியார் என்ற சொல் பழக்கமில்லாமல் இருக்கலாம். சுவாமியார் வராத நாட்களில் கிராமத்தில் ஜெபம் நடத்துவதும், குழந்தைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதும், நோயாளிகளைப் பார்ப்பதும், சண்டைகளைத் தீர்ப்பதும் அவர் வேலை. 1606-ஆம் ஆண்டு தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்த காலம் தொட்டு, பரந்து கிடந்த கிராமங்களையெல்லாம் கட்டிக் காத்தவர்கள் இத்தகைய உபதேசியார்களே. வீரமாமுனிவர் அவர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு நூல் எழுதி வைத்தார் என்றால், அந்தப் பதவியின் கௌரவம் விளங்கும்.

1773-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் ஆணையால் சேசு சபை கலைக்கப்பட்டது. மீண்டும் அச்சபைச் சுவாமிகள் மதுரைப் பகுதிக்கு வந்து சேர 1838-ஆம் ஆண்டாயிற்று. இடையிலிருந்த அறுபத்தைந்து ஆண்டுகளில் குருமார்கள் மிகச் சிலரே. அந்தக் காலத்தில் மந்திரங்களையும் பிரார்த்தனைகளையும் வாய்ப்பாடமாகக் காப்பாற்றிப் பேரப் பிள்ளைகள் கையில் ஒப்படைத்ததில் உபதேசியார்களுக்கும் பாட்டன்மார்களுக்கும் பெரிய பங்கு உண்டு. பின்னர், 1854-ஆம் ஆண்டின் கல்வி ஆணையால் தனியார் பள்ளிகளுக்கு சர்க்கார் மானியம் கிடைக்க வழி பிறந்தபோது, கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கூரைக் கொட்டகை முளைத்தது. உபதேசியாருடைய மகன் அதில் உபாத்தியாயரானார். ஞானோபதேசத்தோடு வாய்ப்பாடும் சேர்ந்தது. நம்முடைய வாத்தியாரையாவின் குடும்பம் இந்தப் பாதையில் வந்ததுதான்.

அவர் பிறந்தது 1936-ஆம் ஆண்டில். சிறு பிராயத்தைப் பற்றி அவர் சொன்னவற்றுள் ஒன்று நமக்கு மறக்கவில்லை. 1946-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மகாத்மா காந்தி மதுரைக்கும் பழனிக்கும் வந்தார். ஹரிஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட கோவில்களைத் தரிசிப்பது அந்த யாத்திரையின் நோக்கங்களில் ஒன்று. கோவில் உபதேசியார் வீட்டுப் பிள்ளை காந்தியைப் பார்க்கப் போகலாமா என்று ஊரில் சிலர் வினவினார்களாம். "சுவாமியார் தடை சொல்லவில்லை, எங்கள் அப்பாவின் பை தான் தடை சொல்லிற்று. வண்டிக்குக் காசில்லை. ஆகையால் விடியற்காலையில் எழுந்து நடந்தோம்" என்றார் வாத்தியாரையா. மகாத்மாவைப் பார்த்தீர்களா என்று கேட்டோம். "ஆயிரம் தலைகளைப் பார்த்தேன். அப்பா என்னைத் தோளில் தூக்கினார். தூரத்தில் ஒரு வெள்ளைத் துணியும் உயர்ந்த ஒரு கையும் தெரிந்தன. அது போதாதா?" என்று சிரித்தார். பத்து வயதுப் பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற அந்த உபாத்தியாயத் தகப்பனாரை நேயர்கள் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை அவரிடம் திரும்பி வரப் போகிறது.

பள்ளி இறுதி வகுப்பு முடித்து, இரண்டு வருஷ ஆசிரியப் பயிற்சியும் பெற்று, 1956-ஆம் ஆண்டில் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றின் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாரையா வேலைக்கு அமர்ந்தார். சர்க்கார் மானியம் பெறும் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் அது. முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து, 1994-ஆம் ஆண்டில் ஐம்பத்தெட்டாவது வயதில் ஓய்வு பெற்றார். அவர் வேலை பார்த்த இடம் தொடக்கத்தில் மதுரை ஜில்லாவில் இருந்தது. 1985-ஆம் ஆண்டில் திண்டுக்கல் ஜில்லா பிரிந்தபோது அதில் சேர்ந்தது. "ஜில்லா மாறினாலும் கூரை மாறவில்லை" என்பது அவருடைய வேடிக்கைப் பேச்சு.

அவர் வேலைக்கு வந்த 1956-ஆம் ஆண்டிலேயே முதன் மந்திரி காமராஜர் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைப் பரவச் செய்தார். ஊராரின் உதவியும் அதற்கு வேண்டியிருந்தது. புதிதாக வந்த சின்ன வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சைக்கிளில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தானியம் கேட்டாராம். இந்து வீடு, முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு என்ற பேதமில்லை. "சோளம் எந்த மதத்தைச் சேர்ந்ததென்று சாக்கு கேட்கவில்லை" என்பார். 1958-ஆம் ஆண்டில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. பெஞ்சியும் கரும்பலகையும் கடிகாரமும் ஜனங்களே வாங்கித் தந்த காலம் அது. 1982-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தபோது, முதலில் சாப்பிட்ட பிள்ளைகளுடைய பிள்ளைகள் அதே திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டதை அவர் கண்ணாரக் கண்டார்.

கோவிலிலும் அவருக்கு வேலை உண்டு. அவருடைய இளமையில் பூசை லத்தீன் பாஷையில் நடந்தது. பொருள் விளங்காமலே லத்தீன் மறுமொழிகளைச் சொல்லிப் பழகிய தலைமுறை அவருடையது. 1962-ஆம் ஆண்டு முதல் 1965-ஆம் ஆண்டு வரை ரோமாபுரியில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாகப் பூசை அந்தந்தத் தேசத்துப் பாஷையில் நடக்கலாயிற்று. தமிழில் வாசகம் படிக்க ஆள் வேண்டியிருந்தது. கணீரென்ற குரலும் பிழையற்ற உச்சரிப்பும் உள்ள உபாத்தியாயரை விட்டு வேறு யாரைத் தேடுவார்கள்? ழகரத்தை ஊருக்குச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடத்தைக் காட்டிலும் கோவில் வாசகமேடைதான் என்று அவர் நம்பினார். தைப்பூச காலத்தில் சாலையோரம் நின்று காவடிக்காரர்களுக்கு நீர்மோர் கொடுப்பதையும் அவர் விட்டதில்லை. யாராவது வியப்படைந்தால், "தாகத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் எங்கள் வேதத்தில் கிடையாது" என்று பதில் வரும்.

இனித் தகப்பனாரிடம் திரும்புவோம்.

மகாத்மாவைக் காட்டுவதற்காக மகனைத் தோளில் சுமந்த அந்தப் பெரியவர், 1953-ஆம் ஆண்டில் வேலையிலிருந்து விலகினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். அந்நாளில் மானியம் பெறும் பள்ளி உபாத்தியாயர்களுக்குப் பென்ஷன் என்னும் உபகாரச் சம்பளம் கிடையாது. சேமநிதியில் சேர்ந்திருந்த தொகை கைக்கு வந்தது. மூத்த பெண்ணின் கல்யாணக் கடன் ஒன்று வாசலிலேயே காத்திருந்தது. சேமநிதி வீட்டுக்குள் நுழையாமலே போய்விட்டது. அதன்பின் ஏழெட்டு ஆண்டுகள் பிள்ளைகள் கையை எதிர்பார்த்தே அவர் ஜீவித்தார். பிள்ளைகள் குறை வைக்கவில்லை. ஆயினும் கேட்டு வாங்கும் சோறும் கேளாமல் வரும் சோறும் ஒரே ருசியாக இருப்பதில்லை.

"மாலை நான்கு மணிக்குத் தெருவில் மிட்டாய்க்காரன் மணி அடித்துக்கொண்டு வருவான்" என்று வாத்தியாரையா ஒரு நாள் நம்மிடம் கூறினார். "அந்த நேரத்தில் எங்கள் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போய்விடுவார். அப்பாவுக்குப் பக்தி அதிகம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பேரப் பிள்ளைகள் கையை நீட்டினால் கொடுக்கக் காசில்லை என்பதனால்தான் போனார் என்பது, அவர் செத்து வெகு காலம் கழித்து, எனக்குப் பேரன் பிறந்த பிறகுதான் உறைத்தது."

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கவில்லை. கணக்குப் பாடத்தில் ஒரு படியை விளக்குகிற மாதிரியே சொன்னார். கேட்ட நமக்குத்தான் சிறிது நேரம் பேச்சு எழவில்லை.

அந்தத் தகப்பனார் விலகி இரண்டே ஆண்டுகளில், 1955-ஆம் ஆண்டில், சென்னை சர்க்கார் ஒரு பெரிய காரியம் செய்தது. ஸ்தல ஸ்தாபனப் பள்ளிகளிலும் மானியம் பெறும் தனியார் பள்ளிகளிலும் வேலை பார்க்கும் உபாத்தியாயர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே அளிக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. முப்பயன் திட்டம் என்று அதைச் சொல்வார்கள். காமராஜர் முதன் மந்திரி. கல்வி இலாகாவுக்குத் தலைமை அதிகாரியாக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. கொடுத்த பென்ஷன் தொகை முதலில் சிறியதுதான். ஆனால் கத்தோலிக்கப் பள்ளியின் வாத்தியாராயினும், பஞ்சாயத்துப் பள்ளியின் வாத்தியாராயினும், கிழவனான பின் மாதந்தோறும் ஒரு தொகை உன் பெயருக்கு வரும் என்று ராஜ்யம் வாக்குக் கொடுத்துவிட்டது. மறு வருஷம் வேலையில் சேர்ந்த வாத்தியாரையா அந்த வாக்கின் நிழலிலேயே முப்பத்தெட்டு ஆண்டுகளும் உழைத்தார். அதன் பிறகு சாகும் வரையில் அதன் பழத்தை உண்டார். உண்டதைவிடப் பங்கிட்டது அதிகம்.

மாதம் பிறந்ததும் பழனிக்குப் போய்ப் பென்ஷன் வாங்கி வருவது அவருக்கு ஒரு திருநாள். வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாத வேஷ்டி, பழைய குடை. வீட்டுக்கு வந்ததும் மூன்று உறைகளை எடுத்து வைப்பார். முதல் உறை வீட்டுச் செலவுக்கு. இரண்டாவது உறை பேரப் பிள்ளைகளுக்கு. மூன்றாவது உறையின் மேல் 'மூன்றாம் வகுப்பு' என்று எழுதியிருக்கும். அவர் வெகு காலம் நடத்தியது மூன்றாம் வகுப்பு. தம்மிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர்களின் குழந்தைகள் யாருக்காவது நோட்டுப் புஸ்தகமோ, பரீட்சைப் பணமோ, காலேஜுக்குப் போகப் பஸ் கட்டணமோ இல்லையென்றால் அந்த உறை திறக்கும். அவர் காலமான பின் குடும்பத்தார் ஒரு சிறு கணக்குப் புஸ்தகத்தைக் கண்டெடுத்தார்கள். தேதியும் தொகையும் இருந்தன. பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் தலைப்பெழுத்து மாத்திரம் இருந்தது. வரவுப் பக்கம் முழுவதும் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

இரண்டாவது உறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அவர் தாத்தாவாக விளங்கியது அந்த உறையினால்.

பிள்ளைகள் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் குடியேறிவிட்டார்கள். பேரப் பிள்ளைகள் ஐவர். எல்லோரும் இங்கிலீஷ் வழிக் கல்வி. பெரியவன் ஒரு கோடை விடுமுறையில் ஆயக்குடிக்கு வந்தபோது, பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. இதைத் தாத்தா பார்த்துக்கொண்டிருந்தார். மகனையோ மருமகளையோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறு வாரம் முதல் ஒவ்வொரு பேரப் பிள்ளைக்கும் ஒரு தபால் கார்டு போகத் தொடங்கிற்று.

கார்டில் நாலு வரி இருக்கும். ஆயக்குடிச் செய்தி ஒன்று, ஒரு விடுகதை, கடைசியில் ஒரு கேள்வி. பதிலைத் தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். வந்த பதிலைச் சிவப்பு மையினால் திருத்திப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு மறு தபாலில் திருப்புவார். ஏழுக்கு மேல் வாங்கினால் அடுத்த விடுமுறையில் இரண்டாவது உறையிலிருந்து பரிசு உண்டு. ஒரு பேத்தி மனம் நொந்து, "பள்ளிக்கூடத்தில் எனக்குத் தொண்ணூற்றைந்து, உங்களிடம் மட்டும் ஐந்துதானா, தாத்தா?" என்று எழுதினாள். "கண்ணு, 'உங்களிடம் மட்டும்' என்பதைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாய். ஆகையால் ஆறு" என்று பதில் போயிற்று. அந்தப் பேத்தி இந்தக் கார்டுகளை ஒன்று விடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறாள். நாமே பார்த்தோம். முதல் கார்டில் சிவப்பு மை நீல மையை விழுங்கியிருக்கிறது. போகப் போகச் சிவப்புக் குறைந்து வருகிறது. கடைசிக் கார்டுகளில் தாத்தாவின் கையெழுத்துத்தான் நடுங்குகிறது, பேத்தியின் தமிழில் நடுக்கமில்லை.

விடுமுறைக்கு வந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கதை. அவருக்குப் பிடித்தமானது வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் விட்டுப் பார்த்தவர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பியவர்கள். இத்தாலி தேசத்தில் பிறந்து, 1710-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்து, தமிழ் கற்று, எகர ஒகரங்களின் குறில் நெடில் வேற்றுமையை எழுத்திலே தெளிவாக்கிய ஒரு பெரும் வித்துவான், குருவைக் கோமாளியாக்கிக் கதை எழுதினாரே என்று நாம் ஒரு முறை கேட்டோம். "தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாத வாத்தியார் வகுப்பில் பிரம்பைத்தான் நம்ப வேண்டும்" என்றார் வாத்தியாரையா. ஐந்து சீடர்களின் பாத்திரத்தையும் ஐந்து பேரப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, குருவின் வேஷத்தைத் தாமே ஏற்பார். மூடன் வேஷத்துக்குத்தான் போட்டி அதிகம்.

கொல்லையில் ஐந்து கொய்யா மரங்கள். ஒவ்வொன்றும் ஒரு பேரப் பிள்ளையின் பெயரில். பழம் பறித்தால் முதற்கூடை அண்டை வீட்டுக்கு, இரண்டாவது கூடைதான் சொந்தக்காரனுக்கு. இந்தச் சட்டத்தை மீறினால் மரம் ஒரு வருஷம் தாத்தாவின் வசமாகிவிடும். பட்டணத்துக் குழந்தைகள் சொத்துரிமையையும் ஈகையையும் ஒரே மரத்தில் கற்றுக்கொண்டார்கள்.

ஒருவரைப் புகழ்ந்துகொண்டே போனால் நேயர்களுக்குச் சலிப்புத் தட்டும். அவரிடம் குறைகளும் இருந்தன. பத்திரிகையில் அச்சுப் பிழை கண்டால் காலைக் காப்பி கசந்து போகும். நமக்கும் இரண்டு முறை கார்டு வந்ததுண்டு. மகள் மேற்படிப்புக்குப் போக விரும்பிய காலத்தில் அவளை ஆசிரியப் பயிற்சிக்கே அனுப்பினார். "எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவளுக்குத் தெரிந்த வழி வேறாக இருந்தது" என்று முதுமையில் ஒப்புக்கொண்டார். பேத்தி சட்டம் படிக்க வேண்டும் என்றபோது, இரண்டாவது உறையையும் மூன்றாவது உறையையும் சேர்த்துக் கொடுத்ததில் அந்தப் பழைய கணக்கும் கலந்திருந்தது என்று நாம் ஊகிக்கிறோம்.

பேரப் பிள்ளைகள் இல்லாத ஆசிரியத் தாத்தாவும் உண்டு. அதே ஜில்லாவில் வாழ்ந்த ஒருவரைச் சான்றாகக் காட்டலாம். அருட்தந்தை லடிஸ்லாஸ் சின்னத்துரை சேசு சபைத் துறவி. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் போதித்தவர். 1950-ஆம் ஆண்டு முதல் 1954-ஆம் ஆண்டு வரையில் அங்கே படித்த ராமேசுவரத்து மாணவர் ஒருவருக்கு, அணுவுக்குள் நிகழும் விந்தைகளையும், கதிரியக்கப் பொருள்கள் தேய்வதில் 'அரை ஆயுள்' என்னும் கணக்கையும் முதன்முதலில் அறிமுகம் செய்து வைத்த ஆசிரியர்களுள் அவர் ஒருவர். அம்மாணவர் அப்துல் கலாம். தம் சுயசரிதையில் கலாம் இதை நன்றியோடு குறித்திருக்கிறார். பிற்காலத்தில், ஆசிரியர் ஓய்வு பெற்றுத் திண்டுக்கல்லில் இருந்தபோது, தேசம் முழுவதும் அறிந்த அந்த மாணவர் நேரில் சென்று அவரைக் கண்டு வந்தார்.

ரேடியம் தன்னில் பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் ஆகின்றன என்று பௌதிக நூல்கள் சொல்லுகின்றன. உபாத்தியாயரின் பெயருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. ஊரில் அது ஒரு தலைமுறையில் பாதியாகும். இரண்டாவது தலைமுறையில் காலாகும். ஆனால் அவர் கற்பித்த எழுத்தும் கணக்கும் பெயரை விட்டுப் பிரிந்து, வேறு வேறு கைகளில் வேலை செய்துகொண்டே இருக்கும். கலாமைப் போன்ற ஒரு மாணவர் கிடைத்தால் ஆசிரியரின் பெயர் புஸ்தகத்தில் ஏறுகிறது. மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு அப்படிப்பட்ட அதிர்ஷ்டம் வாய்ப்பது அரிது. மூன்றாம் வகுப்பில் யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று யாருக்கு நினைவிருக்கிறது?

துறவியைச் சபை காப்பாற்றும். முதுமைக் காலத்துச் சோற்றைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. குடும்பஸ்தரான உபாத்தியாயரைக் காப்பாற்றுவது யார்? இங்கேதான் இந்தக் கட்டுரை ஒரு குடும்பத்தின் விஷயமாக இல்லாமல் எல்லோருடைய விஷயமாகவும் ஆகிறது.

தகப்பனாரும் மகனும் ஒரே தொழில் பார்த்தார்கள். ஒரே வேதத்தை நம்பினார்கள். பேரப் பிள்ளைகளிடம் இருவருக்கும் இருந்த பிரியம் ஒன்றே. ஒருவர் மிட்டாய்க்காரனின் மணி ஓசைக்குப் பயந்து கோவிலில் ஒளிந்தார்; மற்றவர் மூன்று உறைகளை எடுத்து வைத்து உட்கார்ந்தார். இருவருக்கும் இடையிலிருந்த வித்தியாசத்தைச் செய்தது 1955-ஆம் ஆண்டின் உத்தரவு ஒன்றே. தாத்தாவின் தாராளத்தைக் குணத்தின் கணக்கில் மாத்திரம் எழுதுவது வழக்கம். பாதியை ராஜ்யத்தின் கணக்கிலும் எழுத வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் முறை இல்லை என்று தமிழ்நாடு சர்க்கார் வகுத்தது. அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் பத்து வீதம் பிடித்துச் சேர்த்து வைக்கும் பங்களிப்பு முறை அதற்குப் பதிலாக வந்தது. சர்க்காரின் பணப்பெட்டி தாங்காது என்று ஒரு சாரார் சொன்னார்கள். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. பென்ஷன் கனவிலும் காணாத விவசாயியும் நெசவாளியும் கொத்து வேலைக்காரரும் கோடிக்கணக்கில் இருக்கும் தேசம் இது. அவர்களுடைய வரிப்பணமும் சேர்ந்துதான் உபாத்தியாயருக்குப் போகிறது. உபாத்தியாயர்களோ பழைய முறையைத் திரும்பத் தரவேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். நாமும் அந்தத் தேதிக்குப் பின் வேலைக்கு வந்தவர்களே. ஆகையால் நாம் நடுநிலைமை பேசினால் நேயர்கள் நம்ப மாட்டார்கள்.

வாத்தியாரையாவிடம் இதைப் பற்றிக் கேட்டதுண்டு. அவர் சொன்ன பதில் நமது கட்சியையும் முழுக்கத் திருப்தி செய்யவில்லை. "சர்க்கார் எனக்குக் கொடுத்தது முப்பத்தெட்டு வருஷத்துக்குக் கூலி என்று நான் நினைக்கவில்லை. கிழவனான பின்னும் நான் வாத்தியாராகவே இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்ததாக நினைத்தேன். பென்ஷன் கேட்கிறவர்கள் கேட்கட்டும்; நிச்சயம் கேட்க வேண்டும். வாங்கிய பிறகு மூன்றாவது உறையை மறந்துவிடக் கூடாது" என்றார்.

நேயர்களில் பலருடைய வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பார். திண்ணையிலோ, மாடி அறையிலோ, பிள்ளைகள் வாங்கிய புது வீட்டின் ஒரு மூலையிலோ இருப்பார். எந்த ஊரில், எந்த வருஷத்தில், எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார், முதற்சம்பளம் எவ்வளவு, பள்ளிக்கூடத்துக் கூரையை யார் வேய்ந்தார்கள் என்பனவற்றைப் பேரப் பிள்ளைகளைக் கொண்டு அவரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கேட்டு எழுதினால் அவருடைய அரை ஆயுள் சற்று நீளும். எழுதுகிற பிள்ளையின் தமிழும் நேராகும். பிழையிருந்தால் அவர் திருத்துவார். அதற்காகவே ஒரு சிவப்புப் பேனாவும் வாங்கி வைப்பது நலம்.

கத்தோலிக்கர்கள் நவம்பர் 2-ஆம் தேதியைக் கல்லறைத் திருநாள் என்று அனுசரிக்கிறார்கள். இறந்தவர்களின் சமாதியைக் கழுவிப் பூவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். வாத்தியாரையா காலமான வருஷத்தில் அந்நாளுக்குள் கல் நாட்ட வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினார்கள். எழுத வேண்டிய வாசகத்தை மகன்மார் தயாரித்தார்கள். கல் தச்சனிடம் கொடுப்பதற்கு முன்னால், ஐந்து மதிப்பெண் வாங்கி மனம் நொந்த அந்தப் பேத்தி காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டு இடங்களில் ஒற்றுப் பிழையைத் திருத்தி, கீழே பத்துக்கு எட்டு என்று போட்டுத் தந்தாளாம். கல் தச்சன் மதிப்பெண்ணையும் சேர்த்துக் கல்லில் பொறித்துவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வது மகன்மாரின் வேலையாயிற்று.